பார்க்காத அறைக்கு அட்வான்ஸ்

தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில் சிப்பியைத் திறந்து பார்த்து வாங்கியவர் எவரும் இல்லை. கடலிலிருந்து வந்த சிப்பியைக் கரையில் எண்ணிப் பிரிப்பார்கள். அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டு, மூடிய சிப்பியாகவே ஏலம் விடுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1889-ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஏலத்தில் நின்றவர்களுக்குக் கைப்பிடியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், மாதிரி மதிப்பீடு. சலாபம் தொடங்குவதற்கு முன்பே கடலடிப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை எடுத்து, அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அரசு அறிவிக்கும். அதை நம்பிக் கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து ஆட்கள் பணத்தோடு வந்தார்கள்.

பனிமய மாதா கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சில அறைகளை வைத்துக்கொண்டு விடுதி நடத்துகிறேன். செல்பேசியில் நான்கு படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அட்வான்ஸ் போட்டுட்டேன், ரூமைப் புடிச்சு வச்சிருங்க" என்று குரல் வரும்போதெல்லாம் அந்த ஏலக்கரை எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் அனுப்பிய படம்தான் அவருக்கு மாதிரிச் சிப்பி. அறையை அவர் பார்க்கவில்லை. என்னையும் பார்த்ததில்லை. ஆனாலும் பணம் வந்துவிட்டது.

இந்தப் பணம் யாருடையது என்பதுதான் எனக்குத் தீராத கேள்வியாக இருந்து வருகிறது. என் கணக்கில் இருப்பதால் என்னுடையது என்று வங்கி சொல்லும். ஆள் வந்து தங்காதவரை அவருடையது என்று என் மனது சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

முதலில் பணம் வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழி மாறும்போது பொறுப்பும் கை மாறுகிறது. கார்டு மெஷினில் தேய்த்துக் கொடுத்தால் பணம் நேராக என்னிடம் வருவதில்லை. வந்தவருடைய வங்கி, கார்டு நிறுவனம், என்னுடைய வங்கி என்று மூன்று கை கடந்து, பெரும்பாலும் மறுநாள் கணக்கில் ஏறும். வழியில் ஒரு கழிவு உண்டு. டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு, ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கடைக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை, இரண்டு சதவீதத்தை ஒட்டிப் போகும். 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கழிவே கிடையாது. அதனால் எங்களைப் போன்ற சின்ன விடுதிகளில் மெஷின் ஓரமாகப் போய், மேசையில் கியூஆர் அட்டை வந்து உட்கார்ந்துவிட்டது.

கழிவு இல்லை என்பது மட்டும் அல்ல வித்தியாசம். கார்டில் கொடுத்தவருக்கு ஒரு முறையீட்டு வழி இருக்கிறது. "பணம் கொடுத்தேன், அறை கிடைக்கவில்லை" என்று தன் வங்கியிடம் அவர் எழுதினால், அந்த வங்கி என் வங்கியைக் கேட்கும், என் வங்கி என்னைக் கேட்கும். வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்து, அடையாள அட்டையின் நகல், பில் எல்லாவற்றையும் குறிப்பிட்ட நாளுக்குள் நான் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணத்தை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பல வகைப் புகார்களுக்குக் கார்டு நிறுவனங்களின் விதி 120 நாள் வரை அவகாசம் தருகிறது. விடுதிக்காரர்கள் இதைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஆளிடம் பணம் கட்டுகிறவருக்கு அந்தக் கழிவு வாங்கித் தருவது இந்த வழக்காடும் உரிமையைத்தான்.

யுபிஐயில் பணம் தவறிப்போனால், தொழில்நுட்பக் கோளாறால் மாட்டிக்கொண்டால், புகார் செய்ய வழி இருக்கிறது. ஆனால் பணம் சரியாக வந்து சேர்ந்து, அறையை நான் கொடுக்காமல் விட்டாலோ, வர முடியாதவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் விட்டாலோ, கார்டில் நடப்பதைப் போல வங்கி வந்து என்னிடமிருந்து எடுத்துக்கொடுக்கும் என்று அவர் நம்பியிருக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆயிரம் ரூபாய்க்காக யார் போவார்கள்? ஆக, கழிவு போனதோடு நடுவரும் போய்விட்டார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன், நானே எதிர்வாதியும்கூட. எந்த ஊரிலும் இது நல்ல ஏற்பாடு அல்ல.

முன்பணத்தின் இன்னொரு முகத்தை அன்றாடம் பார்க்கிற ஊர் இது. உப்பளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி கரைந்து வேலை நின்றுபோகும். அந்த மாதங்களைக் கழிக்கத் தொழிலாளி உப்பள உரிமையாளரிடம் முன்பணம் வாங்குவார். வாங்கியவர் அடுத்த பருவத்தில் அதே பாத்தியில் நிற்க வேண்டும், கூலி பக்கத்துப் பாத்தியில் கூடுதலாக இருந்தாலும். விசைப்படகிலும் இதே கதைதான், முன்பணம் அடையாமல் வேறு படகு ஏற முடியாது. 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் விளக்கப் பகுதி முதலில் வரையறுப்பது முன்பணத்தைத்தான். சாட்டையும் சங்கிலியும் இல்லாமல் ஒரு மனிதரைக் கட்டிவைக்க எது போதும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே பணம் கொடுத்தவர் பலசாலி. என் விடுதியில் பணம் வாங்கியவர் பலசாலி. திசை தலைகீழ், ஆனால் உள்ளே ஓடுவது ஒன்றுதான். மழை முடியும்வரை உப்பள உரிமையாளரால் பொறுத்திருக்க முடியும், தொழிலாளியின் அடுப்பால் முடியாது. திருவிழா நேரத்தில் ஓர் அறை ரத்தானால் என்னால் அடுத்த போன் அழைப்புக்காகக் காத்திருக்க முடியும். குழந்தை குட்டியோடு ரயிலடியில் இறங்கி நிற்கிற குடும்பத்தால் முடியாது. காத்திருக்க முடிந்தவர் பக்கமே பேரம் சாய்கிறது. அட்வான்ஸ் விஷயத்தில் நியாயம் பேச வேண்டுமானால், பணம் எந்தத் திசையில் போனது என்று பார்ப்பதைவிட, யாருக்குப் பொறுக்க வசதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த ஊரின் பெருமையான கதையும் இந்த இடத்தில்தான் வலிக்கிறது. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பங்கு வாங்கியவர்கள் கம்பெனிக்குச் சொந்தமான கப்பல் எதையும் அப்போது பார்க்கவில்லை. காலியா, லாவோ என்ற கப்பல்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. பார்க்காத கப்பலுக்குக் கட்டிய அட்வான்ஸ் அது, வ.உ.சி. என்ற மனிதரை நம்பிக் கட்டியது. எதிரில் நின்ற வெள்ளையர் கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, இவர்கள் அரை ரூபாயாக்கினார்கள். அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கூடவே குடையும் கொடுத்தார்கள். குடையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. நட்டத்தில் ஓட்டிக்கொண்டே காத்திருக்க அவர்களால் முடிந்தது, 25 ரூபாய் போட்டவர்களால் முடியவில்லை. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனி கலைந்தது. போட்டவர்களுக்கு அந்தப் பணம் திரும்பவில்லை. ஆனால் பணத்தை வாங்கிய வ.உ.சி.யும் தன்னிடம் இருந்ததை எல்லாம் அதே கணக்கில் இழந்தார். அதனால்தான் அந்த முன்பணத்தை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

வாங்கியவரும் இழப்பில் பங்கு ஏற்கிறாரா என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சலாபத்தில் அது ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு படகுக்காரருக்கும் குளியாட்களுக்கும். பணமாகக் கூலி இல்லை, சிப்பியாகவே பங்கு. முத்து இல்லாத சிப்பி அரசின் குவியலிலும் விழும், குளியாளின் குவியலிலும் விழும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. கீழே போனவன் வராவிட்டால் தாலி இழப்பது கயிறு பிடித்தவனின் தங்கை. அந்த ஏற்பாட்டை நேர்த்தியானது என்று சொல்லமாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு என்பது கொள்ளைக்கு அருகில் வரும் கணக்கு. இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் விடுதியில் யார் தலையில் விழுகிறது? துறைமுகத்து ஏஜென்ட்டுகள் கப்பலில் ஏற வேண்டிய ஆட்களுக்கு அறை சொல்லுவார்கள். ஆட்கள் வந்துவிடுவார்கள், கப்பல் வராது. "அண்ணாச்சி, கப்பல் இன்னும் வெளியிலதான் நிக்கு, பெர்த் கிடைக்கல" என்பார்கள். நாள் நீண்டால் எனக்கு வருமானம், சுருங்கினால் இழப்பு, மொத்தத்தில் சரியாகிவிடும். மாதம் முழுவதும் தொடரும் தொழில் உறவு என்பதால் அங்கே அட்வான்ஸ் பேச்சே எழுவதில்லை. அட்வான்ஸ் கேட்பது ஒருமுறை மட்டும் வருகிறவரிடம்தான். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிறவரிடம், அதிலும் 2013, 2023 போலத் தங்கத்தேர் ஓடும் ஆண்டில். திருச்செந்தூர்க் குடமுழுக்கு 2025 ஜூலை 7-ஆம் தேதி நடந்தபோது அங்கே இடம் கிடைக்காமல் இங்கே தங்க வந்தவரிடம். இப்படிப்பட்ட நாட்களில் ஒருவர் வராமல் போனால் எனக்கு நட்டம் ஏதும் இல்லை, அதே அறைக்கு அரை மணியில் வேறு ஆள் வந்துவிடுவார். ஆள் நடமாட்டம் குறைந்த மாதத்தில் வராமல் போனால்தான் உண்மையில் நட்டம். ஆனால் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டோம் என்று கறாராகப் பேசுவது திருவிழா நேரத்தில்தான். நட்டம் இல்லாதபோது பிடித்துக்கொள்கிறோம், நட்டம் வரும்போது கேட்கவே துணிவதில்லை. விடுதித் தொழிலின் இந்தப் பழக்கத்தை நான் முழுமனதோடு தவறு என்கிறேன்.

உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைப் பெரிய தொகையில் பார்த்திருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம்விட்டு, 78 லட்சத்தை அச்சாரமாக வாங்கியது. பின்னர் ஒப்பந்தத்தை ரத்துசெய்து அச்சாரத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனை மறு ஏலத்தில் 11.78 கோடிக்குப் போனது. கைலாஷ் நாத் வழக்கு என்று அறியப்படும் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிமன்றம் அந்த 78 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இழப்புக்கு ஈடு தருவதற்காக இருக்கிறது, இழப்பே இல்லாதபோது ஈடு எதற்கு என்பது அதன் சாரம். என் அறையும் மறு ஏலம் போகும் மனைதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்ற பலகை வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொங்குவதால் மட்டும் அது சட்டமாகிவிடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்து வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர வேண்டியவர்கள் கட்டிய அட்வான்ஸ் எங்கள் எல்லோர் கணக்கிலும் இருந்தது. உள்ளே தங்கியிருந்தவர்கள் வெளியே போக முடியவில்லை, வெளியே இருந்தவர்கள் உள்ளே வர முடியவில்லை. மின்சாரம் போய், செல்பேசிக் கோபுரமும் போனபின் கார்டு மெஷின் வெறும் பெட்டி, கியூஆர் அட்டை வெறும் காகிதம். தங்கியிருந்தவர்களின் கணக்கை நோட்டில் எழுதினோம். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் ஊர்போய் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பினார்கள்.

தண்ணீர் வடிந்தபின் அட்வான்ஸைப் பற்றிப் பேச்சு எழுந்தது. இன்னொரு விடுதிக்காரர், எனக்கு மூத்தவர், நல்ல மனிதர், திருப்பித் தர முடியாது என்றார். "மழ அவங்களுக்கு மட்டுமா பெஞ்சுச்சு தம்பி? ஜெனரேட்டருக்கு டீசல் நான்தானே ஊத்துனேன், பயலுகளுக்குச் சம்பளம் நான்தானே குடுத்தேன்?" அவர் கேட்டதில் உண்மை இருந்தது. அவருடைய கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து மெத்தையெல்லாம் போய்விட்டிருந்தது. ஆனால் அந்த இழப்பை வரமுடியாமல் போனவரின் பணத்தால் ஈடுகட்டுவது எப்படிச் சரியாகும்? அவர் வர மறுக்கவில்லை. வெள்ளத்தில் தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. இருவர் கையையும் மீறிய காரணத்தால் ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் போனால், அதன்பேரில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே 1872 சட்டத்தின் 56, 65-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அவரிடம் சட்டம் பேசவில்லை. திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த வருகைக்கு வரவு வைத்துவிடுங்கள், நாள் குறிப்பிடாமல், என்று கேட்டுக்கொண்டேன். சிலருக்கு அப்படிச் செய்தார் என்று கேள்விப்பட்டேன்.

அட்வான்ஸ் விஷயத்தில் விடுதிக்காரர் மட்டுமே ஏமாற்றும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ராணுவ அதிகாரி பேசுகிறேன், ஐந்து அறை வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்று வரும் அழைப்பு நாடு முழுவதும் விடுதிகளைக் குறிவைத்த மோசடி. பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் நம் பணம்தான் போகும். அனுப்பியதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட் இன்னொன்று. வரவேற்பில் இருக்கும் பையன் படத்தை நம்பாமல், வங்கிச் செய்தியையோ ஸ்பீக்கர் பெட்டியையோதான் நம்ப வேண்டும். கார்டு எண்ணைப் போனில் கேட்டுத் தாளில் எழுதிவைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு, அதையும் விட்டுவிட வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து ஆன்லைன் வியாபாரிகள்கூட வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்களுக்கே இல்லாத உரிமை என் மேசை டிராயருக்கு எப்படி வரும்?

பெரிய ஓட்டல்களில் கார்டில் தொகையைப் பிடித்துவைக்கும் முறை இருக்கிறது. பணம் தங்க வருபவரின் கணக்கிலேயே இருக்கும், ஆனால் அவர் அதைச் செலவழிக்க முடியாது. தங்கினால் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். இதைப்போல யுபிஐயிலும் ஒரு தொகையை நிறுத்திவைத்துத் தேவைப்படும்போது பலமுறையாக எடுத்துக்கொள்ளும் வசதியை 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. சில அறைகள் வைத்திருப்பவர் மேசைக்கு அது சுலபமாக வந்துசேர்ந்தால் நல்லது. பணம் யாருடையது என்று நான் கேட்ட கேள்விக்கு அதில் நேர்மையான விடை இருக்கிறது, தங்கும்வரை அது அவருடைய கணக்கிலேயே கிடக்கும்.

அதுவரை நாங்கள் செய்வது இது. அட்வான்ஸ் ஓர் இரவு வாடகைக்கு மேல் வாங்குவதில்லை. பணம் வந்ததும், எந்தத் தேதிவரை ரத்துசெய்தால் முழுதும் கிடைக்கும் என்பதைத் தமிழில் இரண்டு வரியாக எழுதி அவருடைய செல்பேசிக்கு அனுப்புகிறோம், பணம் வருவதற்கு முன்பும் அதையே ஒருமுறை சொல்லிவிடுகிறோம். கடைசி நேரத்தில் ரத்தானால், அந்த அறை வேறு ஆளுக்குப் போய்விட்டதா என்று பார்த்து, போயிருந்தால் முழுவதையும் திருப்பி அனுப்புகிறோம். வந்த வழியிலேயே திருப்புகிறோம், கார்டில் வந்தது கார்டுக்கே, யுபிஐயில் வந்தது அதே எண்ணுக்கே. வேறு எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுகிறோம், மோசடி பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. அரசு மருத்துவமனையில் சேர்த்த நோயாளிக்குத் துணையாக இரவில் வந்து நிற்பவரிடம் அட்வான்ஸ் கேட்பதில்லை. அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டில் எழுதி, சாவியைக் கொடுக்கிறோம். அப்படி வந்தவர்களில் கணக்குத் தீர்க்காமல் போனவர் ஒருவர் இருந்தார், அவருடைய வரி பதிவேட்டில் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. அந்த ஒருவருக்காக மற்றவர்களிடம் அட்வான்ஸ் கேட்கத் தொடங்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.